கை நீளத்துக்கு ஒரு செம்பருத்தி

போன வாரம் டீச்சரம்மா சொன்ன பொய் ரொம்பச் சின்னது. "எல்லாம் உங்க பொண்ணு வேலைதான்" என்ற நாலே வார்த்தை. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாலு வார்த்தையும் வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன.

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டீச்சரம்மா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு செம்பருத்தி வேலி. ஒரு காலத்தில் தெருவே நின்று பார்த்த வேலி. இப்போது உள்ளே கை விட்டால் இலையே இல்லாத குச்சிகள்தான். தண்டெல்லாம் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. மொட்டு வந்தால் மஞ்சளடித்து உதிர்ந்துவிடுகிறது. மருமகளின் அம்மா, பேக்கரி வைத்திருக்கும் சம்பந்தியம்மா, போன வாரம் வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டுவிட்டாள்.

"ஏன் டீச்சரம்மா, இப்படி மூச்சு விட இடமில்லாம நட்டிருக்கு?"

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் காதை இந்தப் பக்கம் திருப்பினாள். டீச்சரம்மா சாதாரண டீச்சரில்லை, ட்ரில் டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்தையே வரிசை பிசகாமல் நிற்க வைத்தவள். இடைவெளி தெரியாதவள் என்று அவளுக்கு ஒரு பெயரா? அந்த நொடியில் வாய் முந்திக்கொண்டது. "எல்லாம் உங்க பொண்ணு வேலைதான்" என்று சொல்லி, ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தாள்.

சம்பந்தியம்மா மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அறிவில்லையாடி? வீட்டுலயே டீச்சரம்மாவை வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்டுட்டு நடறதுக்கு என்ன கேடு?"

மருமகள் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், வேறு ஊர்க் கிளைக்கு வரச்சொல்லி அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கேட்டுக்கொண்டே இருந்தார்களே, அதற்குச் சரியென்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தங்க வீடும் தருகிறார்களாம். மாசக் கடைசியில் கிளம்பவேண்டுமாம்.

"போறதுக்கு முன்னாடி அந்தச் செடியைச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

இனி இந்த வாரக் கதைக்கு வருவோம்.

சனிக்கிழமை காலையில் டீச்சரம்மா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். செம்பருத்தி வேலியில் மஞ்சள் மஞ்சளாக என்னவோ ஆடியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பழைய தலையணை உறையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகச் செடிகளில் கட்டியிருந்தது.

ஒன்றுவிட்டு ஒன்று என்றதுமே அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள்.

அந்த வேலியில் மருமகள் வைத்த செடிகள் பாதி, மாமியார் வைத்த செடிகள் பாதி. இது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில், நன்றாக இடம் விட்டுச் செடிகளை நட்டாள். ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் வட்டமாகக் கூழாங்கல் பதித்தாள். மறுநாள் டீச்சரம்மாவைப் பார்க்க வந்த பழைய தலைமை ஆசிரியை வேலியைப் பார்த்து, "என்ன டீச்சர், பாதிப் பிள்ளைங்க லீவு போட்ட அசெம்பிளி மாதிரி இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பு டீச்சரம்மாவைத் தூங்க விடவில்லை. அடுத்த நாள் மருமகள் வேலைக்குப் போனதும், அதே சிவப்பில் செடிகள் வாங்கி வந்து, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றாகச் சொருகிவிட்டாள். எப்படி அளந்தாள் தெரியுமா? தோளிலிருந்து விரல் நுனி வரை கையை நீட்டி அளந்தாள். இந்தப் பக்கம் ஒரு கை நீளம், அந்தப் பக்கம் ஒரு கை நீளம். மைதானத்தில் பிள்ளைகளை நிற்க வைத்த அதே அளவு. பிள்ளைகள் மணியடித்தால் வகுப்புக்குப் போய்விடுவார்கள், செடிகள் அங்கேயேதான் நின்று பக்கவாட்டில் வளரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்த மருமகள் மெதுவாகத்தான் கேட்டாள். "அத்தை, வளர்ந்தா இடம் பத்தாதே?"

"எத்தனை பிள்ளைங்களை நிக்க வெச்சிருக்கேன், எனக்கு இடம் தெரியாதா?"

அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். மகன் அப்போது வெளியூரில், கட்டி முடிக்காத ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வந்தபோது வேலி முழுசாக இருந்தது. முதல் சில வருஷம் பூத்தது பாருங்கள், இலை தெரியாமல் பூத்தது. "டீச்சர் கைராசி" என்று தெருவே சொன்னது. டீச்சரம்மா மறுக்கவில்லை. பெருமை வந்தபோது முழுசாக வாங்கி வைத்துக்கொண்டாள். கேவலம் வந்தபோது முழுசாக மருமகள் தலையில் இறக்கிவிட்டாள்.

இப்போது ஜன்னல் வழியே மஞ்சள் கீற்றுகளைப் பார்த்தபோது, ஒன்றுதான் தோன்றியது. கணக்குத் தீர்க்கிறாள். என் செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போகப்போகிறாள். கோபப்படலாம் என்று பார்த்தால், கோபப்பட எந்த முகம் இருக்கிறது?

காலை உணவு மேஜையில் மூன்று பேரும் ரொட்டியை மென்றார்கள். மருமகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள்.

"அத்தை, நர்சரிக்காரர் வருவாரு. துணி கட்டினதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. மத்ததைத் தொட வேண்டாம்."

"எதை எடுக்கணும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா அத்தை."

மகன் காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "நடும்போதே இவ்வளவு யோசிச்சிருந்தா இப்போ பாதிச் செடியைப் பிடுங்க வேண்டாம்ல? எங்கம்மாவைக் கேட்டிருந்தா ஸ்கேல் வெச்சுக் கோடே போட்டுக் குடுத்திருப்பாங்க."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். மனைவி போகிறாளே என்ற வருத்தத்தை அவனுக்குக் கிண்டலாகத்தான் காட்டத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு நேராக டீச்சரம்மாவிடம்தான் போய்ச் சேர்ந்தது. சொல்லிவிடலாம். இதைவிட நல்ல சமயம் வராது. வீட்டு ஆட்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். டேய், நான்தான்டா நட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மருமகள் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே நின்றாள். ஜிப் சிக்கவில்லை, சும்மாதான் இழுத்தாள். ஏதாவது வருமா என்று காத்திருக்கிறாள் என்பது டீச்சரம்மாவுக்குப் புரிந்தது.

"இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்றாள் டீச்சரம்மா, மகனைப் பார்த்து.

"வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு மருமகள் போய்விட்டாள். டீச்சரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகனுக்கும் போன் வந்தது. எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு மாவட்ட நீதிபதி மாட்டிக்கொண்டிருக்கிறாராம். "அவரு உள்ள இருந்தே தீர்ப்பு எழுதிடப் போறாரு" என்று சொல்லிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நர்சரிக்காரன் வந்தான். வழுக்கை விழுந்து தொப்பையும் போட்ட ஆள்தான், ஆனால் ஒரு காலத்தில் டீச்சரம்மாவிடம் ட்ரில் செய்தவன். இன்னமும் அவளைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பான்.

"டீச்சர், எதுக்கு இந்தச் சிரமம்? மொத்தத்தையும் எடுத்துட்டு குட்டை ரகம் ஒண்ணு வந்திருக்கு, அதைப் போட்டுரலாம். என்கிட்ட நிறைய இருக்கு, போகவே மாட்டேங்குது."

"போகாததை என் தலையில கட்டப் பார்க்கறியா? துணி கட்டினதை மட்டும் எடு."

அவன் கேட்டோரத்துச் செடியில் ஆரம்பித்தான். கிளைகளை வெட்டிக் குறைத்தான். சுற்றிலும் மண்வெட்டியால் குத்தி, வேரோடு நெம்பினான். டீச்சரம்மா வாசற்படியில் உட்கார்ந்து, அதுவும் தனக்கு ஒரு தண்டனை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேர் மண்ணோடு புரண்டது. மண்ணோடு என்னவோ உருண்டு வந்து சிமெண்ட் தரையில் சடசடவென்று விழுந்தது.

கூழாங்கற்கள்.

அவள் எழுந்து போய் ஒன்றைக் கையில் எடுத்தாள். சாம்பல் நிறம், வழவழவென்று இருந்தது. அவள் தன் செடிகளுக்கு ஒரு கல்லும் வைத்ததில்லை.

பக்கத்தில் அடுத்த மஞ்சள் துணியைத் தேடிப் போனாள். மண்டி போட்டு உட்கார்ந்து, தண்டடியில் குவிந்துகிடந்த சருகைக் கையால் தள்ளினாள். மண்ணில் பாதி புதைந்து, வட்டமாகக் கூழாங்கற்கள் இருந்தன. அதற்கடுத்த துணிக்குத் தவழ்ந்தாள். அங்கேயும் கல். துணி கட்டாத செடியடியில் சருகைத் தள்ளினாள். அங்கே கல் இல்லை, வெறும் மண்.

மருமகள் கட்டியிருந்ததெல்லாம் தன் சொந்தச் செடிகளில். பிடுங்கச் சொன்னது தன் கையால் வைத்ததை. தொட வேண்டாம் என்று சொன்னது மாமியார் வைத்ததை.

நர்சரிக்காரன் அடுத்ததில் மண்வெட்டியை ஓங்கினான்.

"நில்!"

மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது. நர்சரிக்காரன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அப்படியே விறைத்து நின்றுவிட்டான். எதிர்வீட்டில் தையல் மிஷின் நின்றது. டீச்சரம்மா எழுந்தாள், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூடத் தோன்றாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஸ்கேன் சென்டர் இரண்டு தெரு தள்ளி. உள்ளே பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கையில் கட்டுப் போட்டிருந்த ஆள் அவளுடைய புடவையைப் பார்த்தார்.

"விழுந்துட்டீங்களா?"

"ஆமா" என்றாள்.

"எங்க அடி?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. "மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. அசையாதீங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்போ விடலாம்." வீட்டில் இந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. முன்பின் தெரியாத ஆட்களிடம் இவ்வளவு பக்குவமாகப் பேசுகிற பெண்ணை, ஒரு வேலிக்காகத் தெருவில் தலைகுனிய வைத்தோமே என்று நினைத்தபோது உடம்பே கூசியது.

கதவு திறந்தது. எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க மாட்டுகிற கனமான ஈய அங்கியைப் போட்டபடியே மருமகள் வெளியே வந்தவள், மாமியாரைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்ன அத்தை? முழங்கால்ல மண்ணு? எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. துணி கட்டினதெல்லாம் உன் செடி."

மருமகள் முகத்திலிருந்த பதற்றம் இறங்கியது. "ஆமா."

"மாத்திக் கட்டிட்டியோன்னு நினைச்சேன்."

"இல்ல அத்தை. குனிஞ்சு கல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன்."

"ஏன்?"

"ஏதாவது ஒண்ணை எடுத்தாத்தானே இன்னொண்ணு பிழைக்கும்? நான் போயிடுவேன். தினமும் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கப்போறது நீங்க. அப்போ உங்க செடி இருக்கறதுதானே சரி."

இதைவிட அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். டீச்சரம்மா முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

"இல்லாம என்ன? வண்டி வண்டியா இருக்கு." மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கம்மா என்னைத் திட்டினாங்களே, அப்போ உங்க முகத்தைப் பார்த்தேன். இப்பவாவது சொல்லிடுவீங்கன்னு. நீங்க செடியைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. இன்னிக்குக் காலையிலயும் நின்னேன். காபி ஊத்தட்டுமான்னு கேட்டீங்க."

"நீயே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்கம்மா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் 'என் பொண்ணு டீச்சரம்மா வீட்டுல இருக்கா, எனக்கு என்ன கவலை'ன்னு சொல்லுவாங்க. அவங்க தூங்கறதே அந்த நினைப்புலதான். அதை எப்படிப் போட்டு உடைக்கிறது? அதுக்குப் பேசாம நான் போயிடறது சுலபம்னு தோணிச்சு."

கட்டுப் போட்ட ஆள் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். அடுத்தது அவர் முறை.

"வாங்க சார்" என்றாள் மருமகள். கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால், நர்சரிக்காரன் நிழலில் குந்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பீடியைக் காலடியில் மறைத்தான்.

"'நில்'னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. 'கலைந்து செல்'னு சொல்லவே இல்லையே டீச்சர்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தச் செடியைத் திருப்பி நடணும். குழியை இன்னும் ஆழமாத் தோண்டு."

"வேர் அறுந்துபோச்சே டீச்சர். பிழைக்கறது கஷ்டம். குட்டை ரகம்..."

"வாயை மூடிட்டுத் தோண்டு."

இரண்டு பேருமாக அதைத் தூக்கி வைத்து மண் அணைத்தார்கள். கூழாங்கற்களை அவளே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து வட்டமாகப் பதித்தாள். தண்ணீர் ஊற்றினாள். பிறகு வேலி முழுக்கப் போய், மஞ்சள் துணிகளை அவிழ்த்துத் தன் செடிகளில் கட்டினாள்.

"போய் சாப்பிட்டுட்டு வா. அப்புறம் இதையெல்லாம் எடுத்துரலாம்."

"இதையா? இதுல ஒண்ணு மொட்டு விட்டிருக்கே டீச்சர்."

"இருக்கட்டும். எடுக்கணும்."

மத்தியானம் சம்பந்தியம்மா வந்து இறங்கினாள். மகள் சாமான் கட்டுவதற்காகக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை வண்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். மகனும் கையெல்லாம் கிரீஸோடு அப்போதுதான் திரும்பியிருந்தான். நீதிபதியைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்ட குஷியில், பெட்டிகளை இறக்கி வாசலில் அடுக்கினான்.

சம்பந்தியம்மா வேலியைப் பார்த்தாள். புதிதாய்க் கிளறிய மண்ணையும் பார்த்தாள்.

"பார்த்தீங்களா டீச்சரம்மா, அவ பண்ணி வெச்ச கூத்துக்கு நீங்க இந்த வயசுல மண்ணுல இறங்க வேண்டியிருக்கு. வரட்டும், நல்லா நாலு கேக்கறேன்."

டீச்சரம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றிருந்தது. அதில் பாதி மறந்துபோயிருந்தது.

"கேக்காதீங்க. அவ பண்ணல. நான்தான் நட்டேன். அவ நல்லா இடம் விட்டுத்தான் வெச்சா. நடுவுல நடுவுல சொருகினது நான்."

சம்பந்தியம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது. டீச்சரம்மாவின் மண் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மனசு யாருக்கும் வராதும்மா. அவ போறாளேன்னு, அவ தப்பைக்கூட உங்க மேல போட்டுக்கறீங்களே. இப்படி ஒரு மாமியார் கிடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும்."

"அய்யோ, இல்ல சம்பந்தி..."

"எங்கம்மா எப்பவுமே இப்படித்தான் அத்தை" என்றான் மகன், பெருமையாக. "யாரையும் விட்டுக் குடுக்க மாட்டாங்க."

உண்மையைச் சொன்னாலும் அது டீச்சரம்மாவுக்கு இன்னொரு மெடலாகத்தான் வந்து விழுகிறது. இப்படியே பேசாமல் இருந்துவிட்டால் எல்லோரும் அவளை உச்சந்தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். செய்ததையும் செய்துவிட்டு, சொன்ன புண்ணியத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நொடி, அந்த ஆசை வரவும் வந்தது. அது வந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் பெரிய கேவலமாக இருந்தது.

அவள் கையை உருவிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

கிளைகளை விலக்கிக்கொண்டு, மருமகள் வைத்த ஒரு செடியின் தண்டில் தோளை ஒட்டி நின்றாள். கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். விரல் நுனி அடுத்த செடியின் தண்டைத் தொட்டது, அளந்து வைத்த மாதிரி. அங்கே போய்த் தோளை ஒட்டினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி தொட்டது. இப்படியே குனிந்து நிமிர்ந்து, வேலி நெடுகப் போனாள். மாவுப்பூச்சி தலைமுடியிலும் தோளிலும் வெள்ளையாக அப்பியது. காய்ந்த குச்சி கன்னத்தைக் கீறியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுந்து வந்து, கழுத்தில் டேப்போடு கேட்டருகே நின்றாள்.

"பாருங்க சம்பந்தி. ஒவ்வொண்ணும் என் கை நீளம். உங்க பொண்ணு எனக்குத் தோள் உயரம்தான் இருப்பா, அவ கை இவ்வளவு தூரம் எட்டுமா? எட்டவே எட்டாது. பொய் சொன்னேன். நீங்க கேட்டப்போ எனக்கு வெட்கமாப் போச்சு, அவ மேல போட்டுட்டேன்."

மகனின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சின்ன வயதில் அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே படித்தவன் அவன். முன்னால் நிற்பவன் தோளுக்கும் தன் தோளுக்கும் நடுவில் அந்தக் கை நீளத்தை எத்தனை வருஷம் அளந்திருக்கிறான்.

"இது ட்ரில் அளவு" என்றான், தனக்குள் சொல்வதுபோல். "காலையில நான் அவளைக் கிண்டல் பண்ணினேனேம்மா. நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்" என்றாள் டீச்சரம்மா.

சம்பந்தியம்மா அடுக்கிய பெட்டிகளின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மேல்பெட்டி அமுங்கியது.

"நான் அவளை அறிவில்லையாடின்னு கேட்டேனே" என்றாள். "இத்தனை பேர் முன்னாடி. அவ வாயைத் திறக்கலையே." பிறகு நிமிர்ந்து, "நீங்களும்தான் திறக்கல டீச்சரம்மா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வழக்கமாக அந்த "டீச்சரம்மா"வில் இருக்கிற மரியாதையைக் காணோம், அவ்வளவுதான். கடையில் யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"ஆமா, திறக்கல" என்றாள் டீச்சரம்மா. வேறு என்ன சொல்வது?

தையல்காரம்மா மெதுவாகத் தன் வீட்டுக்குத் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். போகட்டும் என்று டீச்சரம்மா நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் காது இரண்டும் சுட்டது.

அப்போதுதான் கேட் திறந்தது. வேலை முடிந்து மருமகள் உள்ளே வந்தாள்.

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பெட்டி மேல் கலங்கிய கண்ணோடு அம்மா, சுவரில் சாய்ந்து நிற்கிற கணவன், தலையெல்லாம் வெள்ளையாக மாமியார். பிறகு வேலியைப் பார்த்தாள். மஞ்சள் துணிகள் இடம் மாறியிருந்தன. கேட்டோரத்தில், பிடுங்கித் திரும்ப நட்ட செடி இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டேன்" என்றாள் டீச்சரம்மா. ஹோம்வொர்க் காட்டுகிற பிள்ளையின் குரலாக இருந்தது அது.

மருமகள் தலையசைத்தாள். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, "பரவாயில்ல அத்தை" என்று சொல்லவில்லை. டீச்சரம்மா அதை எதிர்பார்த்தாளா என்றால், கொஞ்சம் எதிர்பார்த்தாள். அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"அப்போ நீ ஊருக்குப் போறது..." என்று மகன் ஆரம்பித்தான்.

"சரின்னு சொல்லியாச்சுங்க." மருமகள் பெட்டிகளிடம் போனாள். "கொஞ்சம் எழுந்திரும்மா."

சம்பந்தியம்மா எழுந்தாள். மகள் இருந்ததிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்தாள். போய்ச் சாமான் கட்டத்தான் போகிறாள் என்று டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என்ன இருந்தாலும், சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க அவள் ஒன்றும் குழந்தையில்லை.

டர்ரென்று அட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் பெட்டியின் ஓரங்களைக் கிழித்து, முழுசாக விரித்துப் பலகையாக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கேட்டோரத்துக்குப் போனாள். திரும்ப நட்ட செடிக்கு மேற்குப் பக்கம், வெயில் விழாதபடி சாய்த்து நிறுத்தினாள். அது நிற்காமல் சரிந்தது.

"அத்தை, இந்தப் பக்கம் பிடிங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

டீச்சரம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்திட்டேன்."

"ஒரு வாரம் இதுக்கு வெயில் படக் கூடாது. பிழைக்குதான்னு அப்புறம்தான் தெரியும்."

மகன் கயிறு எடுத்துவர உள்ளே போனான். சம்பந்தியம்மா மிச்சமிருந்த பெட்டிகளின் பக்கத்தில் நின்று, "இதையெல்லாம் உள்ள எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மருமகள் குனிந்து அட்டையின் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறாயா இல்லையா என்று டீச்சரம்மாவும் அவளைக் கேட்கவில்லை. அட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, கை வலித்தும் மாற்றிப் பிடிக்காமல், அப்படியே நின்றாள்.